தசைஞானியின் கட்டைவிரல்

ஜிம்முக்குள் கால் வைக்க இடமில்லை. எடை தூக்க வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். டம்பெல்கள் அடுக்கில் தூசி படிந்து கிடந்தன. ட்ரெட்மில்லின் கைப்பிடியில் யாரோ ஈரத்துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். படுத்துக்கொண்டு பார்பெல் தூக்க வேண்டிய பெஞ்சில் ஒரு குடும்பமே வரிசையாக உட்கார்ந்திருந்தது. எல்லோருடைய கண்ணும் மூலையில் தொங்கிய பச்சைத் திரையின் மேல்தான். திரைக்குப் பின்னால் தசைஞானி இருந்தார்.

கைரேகை, ஜாதகம் போன்ற பழைய சரக்கையெல்லாம் இவர் தொடுவதில்லை. உங்கள் மேல்கையைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். கண்ணை மூடுவார். நீங்கள் எதற்காக உடம்பை வளர்க்க வந்தீர்கள், யார் உங்களை அவமானப்படுத்தினார்கள், யாரை நினைத்துத் தலையணையை நனைத்தீர்கள் என்று அத்தனையையும் தசையே அவரிடம் சொல்லிவிடுமாம். ‘வாய் பொய் சொல்லும், தசை பொய் சொல்லாது’ என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

காரணம் தெரிந்ததும் வைத்தியம். அந்தக் காரணத்துக்கென்றே உருவேற்றிய செப்புக் காப்பு. காதலி கைவிட்டவருக்குத் தனிக் காப்பு, மேலதிகாரி திட்டியவருக்குத் தனிக் காப்பு. இரண்டும் ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து வந்ததை யாரும் கவனிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நீட்டிய கைக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

"எடை தூக்குறது கழுதை வேலைப்பா" என்பார் தசைஞானி. "காப்பைப் போட்டுட்டுக் காரணத்தை நினை. தசை தானா வளரும்."

வளர்ந்ததா என்று அளந்து சொல்ல, ஜிம்முக்குள்ளேயே கடை போட்டிருந்த ஜூஸ்காரர் அளவுநாடாவுடன் தயாராக இருந்தார். அவர் நாடாவைப் பிடிக்கிற தளர்ச்சிக்கு ஒரு சுண்டெலியின் தொடைகூடப் பருத்துத்தான் தெரியும்.

இந்தக் கூட்டத்தில் முதல் வரிசைப் பக்தர், கண்ணாடி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் ஜிம்மில் அவருக்கு அந்தப் பெயர். எதிரில் இருப்பவருக்கு எழுத்து மங்கினால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துதா?" என்று பொறுமையாகக் கேட்பார். தனக்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டதில்லை.

அவர் ஜிம்மில் சேர்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. நடிகனைப்போல் மார்பு வேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை. மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். நல்ல பருமனான உடம்பு. கண்ணாடி அவருடைய அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார், மாமனார் அசையவில்லை. மூச்சுப் பிடித்துத் தூக்கினார், கண்ணாடிதான் வழுக்கி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். இடுப்பெலும்பு விரிசல் விட்டிருந்த வலியிலும் மாமனார் வாய் சும்மா இருக்கவில்லை.

"மாப்பிள்ளை, நீங்க போய்ப் போன் பண்ணுங்க. போனையாவது தூக்க முடியும்ல?"

சத்தம் கேட்டு வந்த மாடிவீட்டு அம்மாள் செருப்பை வாசலில் விட்டாள், புடவையைச் செருகினாள், மாமனாரை அப்படியே அள்ளிக்கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினாள். மூச்சுகூட வாங்கவில்லை. கண்ணாடிக்குத்தான் வாங்கியது.

மறுநாளே ஜிம்மில் சேர்ந்தார். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பயிற்சி தருகிற மாஸ்டர் கொடுத்த சின்ன டம்பெல்லைப் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். கை நடுங்கியது, தொடை வலித்தது, கழிப்பறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் வந்துகொண்டுதான் இருந்தது.

அப்போதுதான் தசைஞானி வந்து சேர்ந்தார். ஒருநாள் எல்லோருக்கும் நடுவில் கண்ணாடியின் கையை அழுத்தினார். கண்ணை மூடினார்.

"ஈரத் தரை தெரியுது… வயசான ஒருத்தர்… கனமான உடம்பு… உன் கை நழுவுது. ஒரு பொம்பளை வந்து தூக்குறா. அந்த அவமானம் இந்தத் தசையில கல்லு மாதிரி உக்காந்திருக்கு."

கண்ணாடிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உலகத்தில் யாருக்கும் தெரியாத விஷயம்! அந்த இடத்திலேயே விசும்பி அழுதார். அழுதவர் கையில் காப்பு ஏறியது. அன்றோடு டம்பெல் இறங்கியது.

மனைவி ஆரம்பத்திலேயே சிரித்தாள். அவள் காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரி. கார் தானாகவே போய் மரத்தில் மோதியது என்று சத்தியம் செய்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவள்.

"ஏங்க, தூக்காமலே பலம் வருமா? அப்ப சாப்பிடாமலே வயிறு நிறையணுமே!"

"உனக்குப் புரியாது. இது நம்பிக்கை இருக்கிறவங்களுக்குத்தான்."

"நம்பிக்கை இல்லாதவங்க கையில காப்பு வேலை செய்யாதா? அப்ப வேலை செய்யறது காப்பா, நம்பிக்கையா?"

கண்ணாடி காப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாமனார் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். தினமும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். மனைவி ஒரு பக்கம் பிடிக்க வந்தாள். கண்ணாடி அவள் கையைத் தள்ளிவிட்டார்.

"நீ விடு. எங்கிட்ட காப்பு இருக்கு."

மாமனாரின் முதுகுக்கடியில் கை கொடுத்தார். காரணத்தை நினைத்தார். தூக்கினார். பாதி வரை வந்தது. அதற்குமேல் தொடை உதறியது, முட்டி மடங்கியது. இருவரும் கட்டில் விளிம்பில் சரிந்தார்கள். மாமனாரின் விரிசல் விட்ட இடுப்பு கட்டில் சட்டத்தில் இடித்தது. அந்த மனிதர் கத்தவில்லை. கேலியும் பேசவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற மனிதர் பேசாமல் இருந்ததுதான் கண்ணாடியைக் கொன்றது.

மனைவி அவரைச் சமையலறைக்கு அழைத்துப்போனாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்பா விழுந்த கதையை நீங்க யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லல. அதுதானே அதிசயமே!"

"நல்லா யோசிங்க. ஒருத்தர்கிட்டகூடவா சொல்லல?"

"ஒருத்தர்கிட்டயும்… அது… ஜூஸ்காரர்கிட்ட என்னமோ பேச்சுவாக்குல. அவர் அப்பாவி மனுஷன். 'எதுக்கு சார் இந்த வயசுல இவ்வளவு கஷ்டப்படுறீங்க'ன்னு பாசமாக் கேட்டாரு. வேற யாரு அப்படிக் கேக்குறா?"

"எல்லாரையும் அப்படித்தான் பாசமாக் கேப்பாரா?"

கண்ணாடி யோசித்துப் பார்த்தார். ஜூஸ்காரர் எல்லோரையும்தான் கேட்பார்.

மறுநாள் மனைவியும் ஜிம்மில் சேர்ந்தாள். கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஆரஞ்சு ஜூஸ் வாங்கினாள். ஜூஸ் கடைக்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் தசைஞானியின் அறை.

"என்னம்மா, உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டமெல்லாம்?" என்றார் ஜூஸ்காரர், பழத்தைப் பிழிந்தபடி.

மனைவி பெருமூச்சு விட்டாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"என்னத்தைச் சொல்ல! எனக்கு ஒரு இரட்டைப் பிறவி அக்கா இருந்தா. சின்ன வயசுலயே சர்க்கஸ்ல சேர்ந்துட்டா. தோள்ல மூணு பேரை ஏத்திக்கிட்டுக் கம்பியில நடப்பா. எங்க அப்பாவுக்கு அவதான் உசிரு. 'அவ கால் தூசிக்கு நீ ஆவியா'ன்னு என்னைக் கேக்காத நாளில்ல. அந்த வார்த்தை இன்னும் நெஞ்சுல குத்துது…"

கண்ணாடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்காவா?" என்று ஆரம்பித்தார். மேசைக்கடியில் அவருடைய காலை மனைவியின் செருப்பு மிதித்தது. வார்த்தையை ஜூஸோடு சேர்த்து விழுங்கினார்.

பிழிகிற சத்தம் நின்றிருந்தது. "அடப் பாவமே" என்றார் ஜூஸ்காரர். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பொதுப் பார்வை. பச்சைத் திரைக்கு முன்னால் மேடை, மைக், ஊதுபத்தி. மாமனாரைச் சக்கர நாற்காலியில் வைத்து முதல் வரிசைக்குத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள் மனைவி. அவர் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. பக்கத்தில் மாடிவீட்டு அம்மாள்.

மேடைக்குப் போனவர்களெல்லாம் அழுதார்கள். கல்லூரி விரிவுரையாளர் ஒருவர், தன் மாணவன் தன்னைக் 'குச்சி' என்று அழைத்ததைத் தசைஞானி கண்டுபிடித்ததும் தேம்பினார். விரிவுரை செய்கிற வாய்க்கு, இதை ஜூஸ் கடையில் விரிவாகவே உரைத்தது மறந்துபோயிருந்தது. கூட்டம் உச்சுக்கொட்டியது. காப்பு பறந்தது.

மனைவி மேடையேறியபோது கண்ணாடி மனசுக்குள் கும்பிட்டார். 'சாமி, தயவுசெய்து உண்மையைச் சொல்லிடுங்க. இவ ஒரே பொண்ணுன்னு சொல்லிடுங்க. சோதிக்க வந்திருக்கான்னு சொல்லிடுங்க.' தன்னுடைய தசைஞானி ஜெயிக்க வேண்டும் என்று அவருக்குள் ஒரு மூலை இன்னமும் வேண்டிக்கொண்டிருந்தது. தான் அத்தனை பேர் நடுவில் அழுத அழுகை வீணாகக் கூடாதே!

கட்டைவிரல் அழுத்தியது. கண் மூடியது.

"ஒரே கருவுல ரெண்டு உசிரு…" என்றார் தசைஞானி.

கண்ணாடிக்குள் அந்த மூலையும் இடிந்து விழுந்தது.

"ஆமா சாமி!" என்றாள் மனைவி, குரல் தழுதழுக்க.

"ஒருத்தி காத்துல நடக்குறா… கீழ கூட்டம் கைதட்டுது… அவ தோள்ல மூணு பேரு. நீ கீழ நின்னு அழற. உன்னைப் பெத்தவரு உன்னைத் தூசின்னு சொன்னாரு. உன் தசை இன்னும் அந்த அக்காவோட போட்டி போடுது தாயி!"

கூட்டம் 'ஆ' என்று வாய் பிளந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் கும்பிட்டார்கள். அப்போதுதான் சக்கர நாற்காலியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஏம்மா, எனக்குத் தெரியாம எனக்கு இன்னொரு பொண்ணா? உங்கம்மா கடைசி வரைக்கும் எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

மைக்கே இல்லாமல் கடைசி வரிசை வரை கேட்டது. யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். சிரிப்பு பரவியது.

மனைவி மைக்கை வாங்கினாள். "இவர் என்னைப் பெத்த அப்பா. நான் அவருக்கு ஒரே பொண்ணு. சர்க்கஸ் அக்கா, கம்பி, தூசி எல்லாம் ஜூஸ் கடையில நான் அவிழ்த்துவிட்ட பொய். தசை பொய் சொல்லாதுன்னீங்களே சாமி, என் தசை எவ்வளவு அழகாக் கதை அளக்குது பாருங்க!"

தசைஞானி லேசுப்பட்ட ஆளில்லை. நொடியில் சமாளித்தார். "தாயி, நான் பார்த்தது உன் போன பிறவியை!"

பாதிக் கூட்டம் தலையாட்டியது. அதுவும் நியாயம்தானே என்று விரிவுரையாளர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

"அப்படியா? போன பிறவியிலயும் அந்த ஜூஸ்காரர்தான் ஜூஸ் போட்டாரா?" என்றாள் மனைவி. "சரி, வேணாம். இங்க ஜூஸே குடிக்காத ஒருத்தர் கையைப் பார்த்துச் சொல்லுங்க, போதும்."

மாடிவீட்டு அம்மாள் எழுந்து வந்து கையை நீட்டினாள். கட்டைவிரல் அழுத்தியது. உள்ளே போகவில்லை. மறுபடி அழுத்தியது. தசைஞானியின் கண் ஜூஸ் கடைப் பக்கம் போய்வந்தது. அங்கே ஜூஸ்காரர் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு ஆம்பளை… உன்னைக் கைவிட்டவன்… இல்ல, மாமியார்… ஒரு பெரிய அவமானம்…"

"எனக்கென்ன அவமானம்? மெத்தைக் கடையில வேலை. சும்மா இருக்கிற நேரத்துல மெத்தையைத் தூக்கித் தூக்கி வைப்பேன். தூக்கினா நல்லா இருக்கு, தூக்குறேன். ஒரு மனுஷி பிடிச்சதைச் செய்யறதுக்கு யாராவது திட்டியிருக்கணுமா என்ன?"

இதற்குள் மனைவி பச்சைத் திரையை ஒரே இழுப்பில் விலக்கியிருந்தாள். பின்னால் பலகைத் தடுப்பு. அதில் உட்கார்ந்தால் காதுக்குச் சரியாக வருகிற உயரத்தில் ஒரு சின்னச் சதுர ஓட்டை. ஓட்டைக்கு முன்னால் மெத்தை போட்ட முக்காலி. முக்காலிக்குப் பக்கத்தில் பாதி குடித்த வாழைப்பழ ஜூஸ். ஓட்டை வழியே பார்த்தால் ஜூஸ் கடை மேசை, கைக்கெட்டும் தூரத்தில். ஞானம் வந்த வழி அவ்வளவுதான்.

தசைஞானி காப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தார். அது அவரால் தூக்க முடியாத கனம். தன் வாழ்நாளில் அவர் தூக்க முயன்ற முதல் எடை அதுதான். பாதி வழியில் பெட்டியைப் போட்டார். காப்புகள் கலகலவென்று தரையெல்லாம் உருண்டன. கதவில் மாஸ்டர் குறுக்கே நின்றார். ஜூஸ்காரர் நாடாவைக் கழுத்தில் போட்டபடியே, "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், இவர் என் மச்சினர்ங்கிறதைத் தவிர!" என்றார்.

கண்ணாடி தன் கையிலிருந்த காப்பைக் கழற்றினார். மணிக்கட்டில் பச்சைக் கறை வட்டமாக இருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தார். அவ்வளவு சுலபத்தில் போகவில்லை. மாமனாரின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார்.

"மாமா… என்னை மன்னிச்சிடுங்க. உங்களுக்கு வலிச்சிருக்கும்."

"வலிச்சுதுதான்" என்றார் மாமனார். "நீங்க டம்பெல் தூக்கிட்டிருந்தப்பவே கொஞ்சம் பரவாயில்லை மாப்பிள்ளை. எனக்காகத்தான் தூக்குனீங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் வாயைக் கட்டியிருப்பேன்." பிறகு, "முழுசா இல்ல, பாதி" என்றார்.

கூட்டம் கலைந்துவிட்டது, எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டது என்று நான் எழுதினால் இதைவிடப் பெரிய பொய் வேறு இருக்காது. மனைவி சக்கர நாற்காலியைத் திருப்பும்போது பின்னால் ஒரு வரிசை நின்றுகொண்டிருந்தது. வரிசையின் முதலில் விரிவுரையாளர். சட்டைக்கையை மடித்துவிட்டு, பயபக்தியோடு மேல்கையை அவள் முன்னால் நீட்டினார்.

"அம்மா, அவர் ரகசியத்தையே நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கன்னா உங்க சக்தி அவரைவிடப் பெருசு. என் தசையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்!"

மனைவி அந்தக் கையைப் பிடித்தாள். விரிவுரையாளர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் அதைத் தூக்கி அவருடைய தலைமேலேயே வைத்தாள்.

"இதுக்குள்ள ஒண்ணு இருக்கு சார். அதை அடுத்தவன் கையில குடுக்காம நீங்களே தினமும் கொஞ்சம் தூக்குங்க. தூக்காமப் போட்டா அதுவும் சூம்பித்தான் போகும்."