நிச்சயதார்த்தத்துக்கு வராத காரணம்

கிழக்குத் தாம்பரம்,
ஆகஸ்ட் 1996

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் எலியேசருக்கு,

அத்தான் சுவிசேஷமுத்து எழுதுவது. நானும் உன் அக்கா ஜீவரத்தினமும் தேவகிருபையால் சுகம். நீயும் சுகமாகவும் என்மேல் கோபமாகவும் இருப்பாய். உன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு அத்தையும் மாமாவும் வராவிட்டால் ஊர் என்ன பேசும் என்று நீ போனில் கத்தியது நியாயம்தான். எஸ்.டி.டி. பூத்தில் எனக்குப் பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள், காரணத்தை எப்படிச் சொல்வேன்?

சபையில் ரத்ததான முகாம் என்றால் முதல் கட்டிலில் படுப்பவன் நான், பிஸ்கட்டும் முதலில் எனக்குத்தான். இந்தமுறை ரத்த வங்கியிலிருந்து வந்து பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். பாராட்டுப் பத்திரம் கொடுக்கத்தான் என்று நினைத்து இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு, "சார், எலைசா டெஸ்ட்ல உங்க ரத்தம் ரியாக்டிவ்னு காட்டுது" என்றார். "ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். "எச்.ஐ.வி. கிருமிக்கான டெஸ்ட் சார் அது" என்றார். கிளம்ப எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அவர் பொறுமையாக, "இது கிருமியை நேராத் தேடுற டெஸ்ட் இல்ல, அதை எதிர்க்க உடம்பு உண்டாக்குற பொருளைத் தேடுது. சில நேரம் வேற எதையோ பார்த்தும் அதுதான்னு காட்டிடும். வெஸ்டர்ன் பிளாட்னு இன்னொண்ணு பண்ணிட்டுத்தான் முடிவு சொல்லுவோம்" என்றார். முகச்சாயலை வைத்து ஆளைப் பிடித்துவரும் போலீஸ்காரர் மாதிரி என்று புரிந்துகொண்டேன். ஆனால் பிடிபட்டவனுக்கு அதனால் என்ன ஆறுதல்? மறுபடியும் ரத்தம் எடுத்து வேறு லேபுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து எனக்கென்று தனித்தட்டு, தனி சோப்பு, முன்னறையில் தனிப்பாய் என்று ஆரம்பித்தேன். ஜீவரத்தினம் கேட்டுக்கேட்டுப் பார்த்து, கடைசியில் பிடித்து உட்காரவைத்தாள். சொன்னேன். "ஆந்திரா பக்கம் வால்டேர்ல ட்ரெயினிங்னு தனியா போனீங்களே, அங்க யாராவது உண்டா?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் சத்தியம் பண்ணப் பைபிளை எடுத்தேன். "அத வையுங்க. வாயால சொல்லுங்க" என்றாள். "இல்ல" என்றேன். "சரி. எனக்கும் பாக்கணும்ல, நாளைக்கே போவோம்" என்று சொல்லி, என் சோப்பை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். அவள் கேட்டது தப்பா என்று இன்றுவரை யோசிக்கிறேன், ஆனால் கேட்காமலே இருந்திருந்தால் அந்தச் சந்தேகம் எங்கள் நடுவில் நிரந்தரமாகக் குடியிருந்திருக்கும். அந்த வாரம்தான் உன் வீட்டு விசேஷம். அந்த முகத்தோடு வந்து பந்தலில் எப்படி நிற்பது மச்சான்?

முடிவு வந்த அன்று இருவருக்கும் ஒன்றுமில்லை என்றார்கள். பின்னால் இன்னொரு தடவை பார்த்ததிலும் இல்லை. அந்த முதல் நாள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வெளியே வந்தால் பெஞ்சில் தயாளன். முடிச்சூர்க்காரன், பெயிண்டர் வேலை, முடிவுக்காக எங்களோடு காத்திருந்தவன். "உங்களுக்கு இன்னா சொன்னாங்கோ சார்?" என்றான். நான் முடிவுச்சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். "எனக்கு ரெண்டாவது டெஸ்ட்லயும் கீதுன்ட்டாங்க சார். வூட்டுல சரசுகிட்ட எப்டி சொல்றதுன்னே தெரியல" என்றான். உன் அக்கா அவன் கையைப் பிடித்து, "மொதல்ல டீ சாப்பிடு தம்பி. அப்புறம் நாங்களும் கூட வர்றோம்" என்றாள். நான் பயந்துகொண்டேதான் பஸ் ஏறினேன். அந்தச் சரசு அழுததை எழுத எனக்குத் தெம்பில்லை. எனக்குத் தப்பாகச் சொன்ன டெஸ்ட் அவனுக்குச் சரியாகச் சொல்லிவிட்டது, இதில் நான் எதற்கென்று ஸ்தோத்திரம் பண்ணுவேன்? அன்றிரவு ஜெபத்தில் அவர்கள் இருவர் பேரை மட்டும் சொன்னேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள். இதில் மறைக்கவோ வெட்கப்படவோ ஒன்றுமில்லை மச்சான். ஊரில் யார் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி தைரியமாகச் சொல். மணமகளுக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் முத்தங்களும். கல்யாணத்துக்குக் கட்டாயம் முன்கூட்டியே வந்துவிடுவோம்.

அன்புள்ள அத்தான்,
சுவிசேஷமுத்து

பி.கு.: யாராவது கேட்டால் டைபாய்டு என்று சொல்லிவிடு. படித்ததும் இதைக் கிழித்துவிடு. தபால்தலையை எச்சில் தொட்டு ஒட்டவில்லை, தண்ணீர்தான். பயப்படாதே.