பதின்மூன்றாவது கை

"எல்லாரும் கை தூக்கும்போது நான் மட்டும் ஏன் சார் மரம் மாதிரி நிக்கணும்? மாமனார் வீட்லேர்ந்து வராங்க," என்றார் ஜெயகிருஷ்ணன்.

நாடகத்தை எழுதிய பாலசந்திரனுக்குத் தலை சுற்றியது. மைசூரில் அவர்கள் லேஅவுட் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா நெருங்கிவிட்டது. நம்மூர்க் கதை எதைப் போட்டாலும் யாராவது கோபித்துக்கொள்கிறார்கள் என்று, அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்கள் ஆங்கிலேய மன்னரை உதறிய கதையைத் தேர்ந்தெடுத்திருந்தார் சங்கத் தலைவர் இராமச்சந்திரன். மன்னர் வேடமும் அவருக்கே.

"சரித்திரம் அப்படி. நியூயார்க் பிரதிநிதிக்கு ஊர்லேர்ந்து உத்தரவு வரலை. பன்னிரண்டு பேர்தான் தூக்குவாங்க."

"அப்ப நான் நடிக்கலை, விடுங்க."

விட முடியாதே! செயலாளராகி வருடங்கள் ஓடிவிட்டன. மைக்காரனிடம் கெஞ்சுவதும், இட்லி தீர்ந்தால் திட்டு வாங்குவதும் பாலசந்திரன்தான். எத்தனை முறை ராஜினாமா கொடுத்தாலும் யாரும் வாங்குவதில்லை. "நாடகம் நல்லபடியா முடியட்டும், உங்களை விட்டுடறேன்" என்று தலைவர் இப்போதுதான் வாக்குக் கொடுத்திருந்தார். அதில்தான் பாலசந்திரனின் உயிரே ஒட்டிக்கொண்டிருந்தது.

சமாதானத்துக்கு, மன்னரின் குற்றங்களை வாசிக்கும் வசனத்தை ஜெயகிருஷ்ணனுக்குக் கொடுத்தார்.

"தேயிலை வரின்னா யாருக்குப் புரியும்? ரெண்டாவது காபி கேட்டா மன்னர் முறைக்கிறார்னு போடலாமா?"

"என்னத்தையாவது போடுங்க!"

அங்கேதான் சனி பிடித்தது. இரண்டாவது காபிக்கு முறைப்பவர் தலைவர்தான் என்பது ஊருக்கே தெரியும். அடுத்த ஒத்திகையில் மாசச்சூசெட்ஸாக வந்த அன்னபூர்ணி, "என் பாட்டைப் பாதியில நிறுத்தினார் மன்னர்!" என்றார். வர்ஜீனியாவான ஸ்ரீவத்ஸன், "அவர் பேசினா சாப்பாடு ஆறிப்போகுது!" என்றார்.

பாலசந்திரன் சிம்மாசனத்தைப் பார்த்தார்.

"வாசிங்க, வாசிங்க," என்றார் இராமச்சந்திரன். "கடைசி வரிசைக்குக் கேக்கணுமில்ல?"

கோபத்தை அடக்கிக்கொள்கிறார், இனி ஜென்மத்துக்கும் என்னை விடமாட்டார் என்று நொந்துபோனார் பாலசந்திரன்.

விழா அன்று திரைக்குப் பின்னால் ஜெயகிருஷ்ணனைக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, தேயிலையையே வாசிச்சிடுங்க!"

"மன்னர் சொல்லி அனுப்பினாரா?" என்று சீறிய ஜெயகிருஷ்ணன், மேடையில் குற்றங்களைக் கூடுதலாகவே வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் அரங்கம் அதிர்ந்தது.

"பிரிகிறோம்!" பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. ஜெயகிருஷ்ணன் மூன்றாவது வரிசையில் இருந்த மனைவி ஹம்ஸாவைப் பார்த்தார். ஹம்ஸா தலையசைத்தார். பதின்மூன்றாவது கையும் உயர்ந்துவிட்டது.

"ஹௌது, ஆமா, தலைவரை மாத்துங்கப்பா!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். அரங்கமே கை தூக்கியது.

"புதுத் தலைவர் யாரு?"

"நாடகம் எழுதின பாலசந்திரன்தான்!"

"ஐயோ, வேண்டாம்!" என்று அவர் அலறியது விசிலில் அமுங்கிப்போனது. மாலை விழுந்தது. சிம்மாசனத்தில் தூக்கி உட்கார வைத்தார்கள். செயலாளர் வேலையை உதற நினைத்தவருக்குச் சங்கமே தலையில் விடிந்தது. அழுகை முட்டியது.

மன்னரின் கிரீடத்தோடு தலைவரின் மனைவி சுந்தராம்பாள் மேடையேறி வந்தார்.

"சார் ரொம்ப மனசு ஒடைஞ்சிட்டாராம்மா?" என்றார் பாலசந்திரன்.

"அட நீங்க வேற! அவரோட ராஜினாமாவையும்தான் யாரும் வாங்கல. இந்தப் பதவி போனா மொட்டை போடறேன்னு மலைக்கோயில் மாதேஸ்வரனுக்கு வேண்டிக்கிட்டுத்தான் இந்த நாடகத்தையே தேர்ந்தெடுத்தார். மலைக்குப் போக இப்பவே கார்ல ஏறி உக்காந்துட்டார்."