அடைத்த ஜன்னலைத் திறக்க வந்தவர்

சுவரைக் கண்டால் கை அரிக்கும் ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. தன் வீட்டுச் சுவர் அல்ல. அடுத்தவர் வீட்டுச் சுவர். நீங்கள் கதவைத் திறந்து "வாங்க" என்பீர்கள். அவர் உங்களைப் பார்க்கமாட்டார். உங்கள் தலைக்கு மேலே கூரையைப் பார்த்து, நான்கு சுவர்களையும் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி, துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி 'த்சொ த்சொ' கொட்டி, "இன்னாங்க, இப்படி இருட்டுல கீறீங்க?" என்பார். அந்த நிமிஷம் வரை நீங்கள் இருட்டில் இருப்பது உங்களுக்கே தெரியாது. அதற்கப்புறம் மறக்கவும் முடியாது.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற உருப்படி ஒன்றைப் பார்க்க ஆசையிருந்தால் கோலார் தங்கவயலுக்கு வாருங்கள். பங்காருபேட்டையில் வண்டி மாறி, மாரிகுப்பத்தில் இறங்கி, "காத்து டென்சில் வீடு எங்க?" என்று கேளுங்கள். வழி சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள்.

டென்சிலுக்கு வயது அறுபத்தேழு. சுரங்கம் மூடும் வரை இருபத்திரண்டு வருஷம் வென்டிலேஷன் பிரிவில் வேலை. "பூமிக்குக் கீழ ரெண்டு மைல்ல ஆயிரம் பேருக்கு மூச்சுக் குடுத்தவன் நான்" என்பது அவர் எங்கே போனாலும் முதலில் எடுத்து வைக்கும் வாக்கியம். அங்கே அவர் சரியாக என்ன செய்தார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க அவர் இடம் விட்டால்தானே?

சட்டைப் பையில் ஓர் ஊதுபத்தி எப்போதும் இருக்கும். சாமிக்கு அல்ல, சோதனைக்கு. அதைக் கொளுத்தி அறை மூலையில் பிடிப்பார். புகை நேராகப் போனால் "பாருங்க, காத்து செத்துக் கெடக்குது." புகை ஆடினால் "பாருங்க, வெளிய போக வழி இல்லாம தவிக்குது." இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: சுவரை இடி. பிறகு போன் வெளியே வரும். அதில் கேரளத்துப் பணக்காரர் வீடுகள், நடுவே முற்றம், முற்றத்தில் மழை, மழையில் வாழைமரம். பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேர் படுக்கும் வீட்டில் நின்றுகொண்டு, "இப்படி நடுவுல ஓப்பன் பண்ணிட்டா போதும்" என்பார். வெட்கம்? அது அவர் பையில் இல்லாத பொருள். அவர் பேச்சைக் கேட்டுக் கூரையில் கண்ணாடி ஓடு பதித்த பாரி வீட்டில், மத்தியானம் வெயில் நகர நகரக் குடும்பமே பாயைச் சுருட்டிக்கொண்டு நகர்கிறது. ஃப்ரெடி வீட்டில் குளியலறைக் காற்றுத் துவாரத்தைப் பெரிதாக்கினார். ஃப்ரெடி இன்றுவரை உட்கார்ந்தபடிதான் குளிக்கிறான்.

இப்பேர்ப்பட்டவர் கண்ணில் டெய்சி வீடு பட்டது.

டெய்சியும் அவள் கணவன் சிரிலும் பெங்களூரில் வாடகைக்கு இருந்தவர்கள். போன கிறிஸ்துமஸுக்குத்தான் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீடு ஒன்றுக்கு வந்தார்கள். காரணம், சிரிலின் அப்பா மரியகுழந்தை. சுரங்கத்தில் ட்ரில்லிங் மெஷின் பிடித்த மனிதர். நெஞ்சு முழுக்கக் கல்தூள். மூன்று வார்த்தை பேசினால் ஒரு நிறுத்தம், நாலாவது வார்த்தைக்கு மூச்சு வருமோ வராதோ. சிரில் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போனால் ராத்திரிதான் திரும்புவான். மாமனாரின் மூச்சு டெய்சியின் பொறுப்பு. அந்த மூச்சு ஒழுங்காக ஓடுகிறதா என்று அடுப்படியிலிருந்தே காது கொடுத்துக்கொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு டென்சில் வந்தார். ஊதுபத்தி எரிந்தது. பிறகு பின்சுவரைத் தடவினார். சுண்ணாம்புக்கு அடியில் ஒரு ஜன்னலின் தடம் சதுரமாகத் தெரிந்தது.

"அடப்பாவிங்களா! வெள்ளைக்காரன் வெச்ச ஜன்னல்மா இது! எந்த மடையன் அடைச்சான்?"

கட்டிலிலிருந்து மரியகுழந்தை கையைத் தூக்கினார். "அது... நான்தான்..."

"நீங்கதான் கஷ்டப்படறீங்க, தெரியுதுண்ணே! இனிமே படமாட்டீங்க."

"இல்ல... ஆடி மாசம்..."

"ஆடி வரைக்கும் எதுக்குண்ணே? அடுத்த வாரமே தெறந்துடலாம்."

மூச்சு வாங்குகிறவரின் வாக்கியத்தை முடித்து வைப்பதில் இந்த இனத்துக்கு ஒரு தனி சந்தோஷம். டெய்சி மட்டும் லேசாக இழுத்தாள். "அங்கிள், இந்த லைன்ல எட்டு வீட்லயும் பின் ஜன்னல் அடைச்சுத்தான் கீது. எட்டு பேருமா தெரியாம செஞ்சிருப்பாங்க?"

"எட்டும் முட்டாளுங்கதான்" என்றார் டென்சில், ஒரு நொடிகூடத் தயங்காமல். "பெரியவருக்கு நல்ல காத்து வேணுமா வேணாமா? அத்த மட்டும் சொல்லு."

இந்தக் கேள்விக்கு எந்த மருமகள் வேண்டாம் என்பாள்? சிரிலோ, "அங்கிள் வென்டிலேஷன்ல இருந்தவரு, தெரியாமலா சொல்லுவாரு?" என்று ரயிலுக்கு ஓடிவிட்டான். அந்த ஜன்னலை அடைக்கும்போது அவன் பிறக்கவே இல்லை.

உடைத்தார்கள். சொல்லத்தான் வேண்டும், முதல் மூன்று வாரம் சொர்க்கம். வெளிச்சம் கட்டில் வரை வந்தது. சிலுசிலு என்று காற்று. மரியகுழந்தை கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். ஜன்னல் வழியே கொஞ்ச தூரத்தில், சைனைடு போட்டுத் தங்கம் பிரித்த பிறகு மில்லிலிருந்து கொட்டிய மண், வெள்ளை வெளேரென்று மலையாக நின்றது. ஊரில் அதற்கு சைனைடு மேடு என்று பெயர். டென்சில் அதற்கு வைத்த பெயர் வேறு. "வியூ பாத்தியா டெய்சிம்மா? ஊட்டி தோத்துச்சு!" ஜன்னலுக்குக் கதவு? "கதவு இன்னாத்துக்கு? தெறக்கறதுக்குத்தானே ஜன்னல்? அப்பாலிக்கா பாத்துக்கலாம்."

பக்கத்து வீட்டு ஜானகி மட்டும் எட்டிப் பார்த்து, "இன்னா டெய்சி, அத்தப் போய் தெறந்துட்டீங்க? காத்து காலம் வருதே!" என்றாள். "பொறாமைம்மா" என்று டென்சில் காதருகே சொன்னார். டெய்சியும் நம்பிவிட்டாள். அதை நினைத்து அவள் பிற்பாடு தன்னையே எவ்வளவு திட்டிக்கொண்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

ஆடி பிறந்து இரண்டாவது சனிக்கிழமை. டென்சில் தன் கைவரிசையைக் காட்ட அடுத்த லைன் மனோகரைக் கூட்டி வந்திருந்தார். அடுத்து இடிபட வேண்டியது மனோகரின் சுவர். "தோ, காத்து எப்படி உள்ள வருது பாரு" என்று ஜன்னலை நோக்கிக் கையை நீட்டினார்.

வந்தது. மேட்டின் உச்சியிலிருந்து வெள்ளையாக ஒன்று கிளம்பி, நேராக அந்த ஓட்டைக்குள் புகுந்தது. தட்டில் மண், தண்ணீர்க் குடத்தில் மண், கண்ணில் மண். எதிரில் நின்ற மனோகர் தெரியவில்லை. மனோகர் ஓடிவிட்டதால் தெரியவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. கட்டிலில் மரியகுழந்தை இருமினார். இருமல் நிற்கவில்லை. பிறகு நின்றது, அதுதான் டெய்சிக்குப் பயமாகிவிட்டது. வாய் திறந்திருக்கிறது, மூச்சு உள்ளே போகவில்லை.

மாமனார் என்ற கூச்சமெல்லாம் பார்க்க நேரமேது? கைகளில் வாரி எடுத்துக்கொண்டு ஜானகி வீட்டுக்கு ஓடினாள். கிழவர் கனக்கவே இல்லை. ஜானகி கதவைச் சாத்தினாள். பின்சுவரில் ஜன்னல் இல்லாத, பகலிலும் விளக்குப் போட்ட, டென்சில் பார்த்தால் 'த்சொ' கொட்டக்கூடிய அறை. அங்கேதான் மரியகுழந்தைக்கு மூச்சு வந்தது. முதலில் நூலாக, பிறகு கொஞ்சம் நிதானமாக. டெய்சி அவர் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"நான்தான் அடைச்சேன்" என்றார் மரியகுழந்தை. இந்த முறை யாரும் குறுக்கே வரவில்லை. அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "எட்டு வீட்டுக்காரனும்... ஒரே ஞாயித்துக்கெழமை... ஒண்ணா நின்னு அடைச்சோம். இந்த மண்ணுக்குப் பயந்து." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "சுரங்கத்துல டென்சிலுக்கு... இன்னா வேலை தெரியுமா? காத்து வழி மாறிப் போவாம... ஒரு கதவு இருக்கும். அத்த சாத்தி வைக்கணும். அதுக்குத்தான் சம்பளம்."

டெய்சி கண்ணைத் துடைத்தாள். ஜானகி வீட்டுக் கம்பளியை உருவிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். டென்சில் தலையிலிருந்து கால் வரை வெள்ளையாக, வாசல் பக்கம் நழுவிக்கொண்டிருந்தார். "எதிர்பாராத காத்தும்மா, டைரக்ஷன் மாறிப்போச்சு..."

"அங்கிள், சுரங்கத்துல உங்களுக்கு இன்னா வேலை?"

இருபது வருஷமாக யாரும் கேட்காத கேள்வி.

"அந்த வேலைய இப்பப் பாருங்க." கம்பளியை அவர் கையில் திணித்தாள். ஸ்டூலைக் காலால் ஜன்னலடிக்குத் தள்ளினாள். "ஏறுங்க."

ஏறினார். இரண்டு கையையும் விரித்து, கம்பளியை ஓட்டையின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூக்கைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார். காற்று ஓய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. "கை வலிக்குதும்மா" என்று ஒரு தடவை சொன்னார். "ஷிப்ட் முடியல அங்கிள்" என்றாள் டெய்சி, குடத்துத் தண்ணீரைக் கொட்டியபடி. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவரை இவ்வளவு நேரம் யாரும் விடாமல் வேலை வாங்கியதில்லை.

திங்கட்கிழமையே ஜன்னல் மறுபடி செங்கல்லாயிற்று. டென்சில் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனம் திருந்தாது, தெரு மாறும். இரண்டு தெரு தள்ளி, வேறொரு வீட்டில், வேறொரு சுவரைத் தடவிக்கொண்டு, "நான் கதவு போடச் சொன்னேன், அந்தப் பொண்ணு கேக்கல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊதுபத்தி எரிகிறது.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போன மாதம் மச்சினி வீட்டுக்குப் போய், அவள் நீட்டிய காபியைக் கையில் வாங்குவதற்கு முன்பே, "இந்தச் சுவத்துல ஒரு ஜன்னல் வெச்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்" என்று சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அவள் மாமியார் மூலையிலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீங்கள் முடித்து வைத்துவிட்டீர்கள். அந்தச் சுவரை இந்த வாரம் இடிக்கிறார்களாம். அடுத்த முறை போகும்போது மறக்காமல் ஒரு கம்பளி எடுத்துக்கொண்டு போங்கள்.