இருநூற்று நாற்பத்தோராவது செடி

இனிமேல் மனைவியிடம் பொய்யே சொல்வதில்லை என்று வென்டல் ஹாஸ்கெல் சத்தியம் செய்தபோது அவருக்கு வயது அறுபத்து நான்கு. பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆரிகன் மாநிலம் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிவிட்டது. அவருடைய பொய்களில் முக்கால்வாசிக்கு ஒரே நாளில் வேலை போய்விட்டது.

அதற்கு முன் முப்பது வருஷம் மலைச்சரிவில் திருட்டுப் பயிர் செய்தவர். போலீஸ் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் சாப்பாட்டுத் தட்டோடு மேசைக்கு அடியில் போய்விடுவார். ஒரு தடவை மாட்டிக்கொண்டு எட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டும் வந்தார். வளர்த்த நாய்க்கு ஷெரிப் என்று மாவட்டப் போலீஸ் தலைவரின் பதவிப் பெயரை வைத்தார். "ஷெரிப், உக்காரு!" என்று அதட்டுவார். அது உட்காரும்போது அவர் முகத்தில் வரும் திருப்தியைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பழைய வழக்கால் லைசென்ஸ் மனைவி மேக்ஸின் பெயரில் வந்தது. அவள் முதலாளி, அவர் தொழிலாளி. கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் சொந்தத் தோட்டத்துக்குள் கால் வைக்கலாம். ஒவ்வொரு செடிக்கும் நம்பர் போட்ட நீல டேக். மூலைக்கு மூலை கேமரா, தொண்ணூறு நாள் பதிவு. உதிர்ந்த இலையைக் கூட எடைபோட்டு, உரத்தில் கலந்து, கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுத்தான் கொட்ட வேண்டும். "நான் பொறந்ததுக்குக் கூட இவ்வளவு பேப்பர் இல்லை" என்று வென்டல் புலம்புவார். மேக்ஸினுக்கோ அது அல்வா சாப்பிடுகிற மாதிரி இருந்தது. முப்பது வருஷம் எதையும் எழுதிவைக்கக் கூடாது என்று வாழ்ந்தவள், இப்போது எல்லாவற்றையும் எழுதித் தீர்த்தாள்.

சட்டம் வந்த புதிதில் நல்ல கிராக்கி. உடனே ஆள் ஆளுக்கு நட்டார்கள். பல் டாக்டர் நட்டார். பாதிரியாரின் மச்சான் நட்டார். ஊரில் ரொட்டிக் கடை ஒன்று, கஞ்சாக் கடை ஒன்பது. விளைந்ததை வாங்க ஆளில்லாமல் விலை தரையைத் தட்டியது. போதுமடா சாமி என்று மாநிலம் புது லைசென்ஸுக்கே கதவைச் சாத்திவிட்டது. கடைக்காரர்களோ கேக், ஐஸ்கிரீம், பெர்ரி என்று இனிப்புப் பெயர் வைத்த ரகங்களைத்தான் தொடுவார்கள். வென்டல் முப்பது வருஷமாகப் பொத்திப் பொத்தி வளர்த்த பழைய ரகம் டீசலும் எலுமிச்சையும் கலந்த வாடை அடிக்கும். அதை மோந்து பார்த்த ஒரு கடைக்காரப் பையன், "எங்க தாத்தா வண்டி வாசனை வருது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ஏப்ரலில் மேக்ஸின் பஞ்சாயத்தைக் கூட்டினாள்.

"வென்டல், இந்த வருஷம் விக்கிற ரகம் மட்டும்தான் நடறோம். இருநூத்து நாப்பது செடி, அதுக்கு மேல ஒண்ணு கூடாது. உன் பழைய விதையெல்லாம் அடுப்புல போடு."

"அது முப்பது வருஷம் நமக்குச் சோறு போட்டுது, மேக்ஸின்."

"ஜெயில் சோறும் அதுதான் போட்டுது."

"ஒரே ஒரு வரிசை..."

"டேக் இல்லாம ஒரு செடி பிடிபட்டா லைசென்ஸ் போயிடும். யார் பேர்ல இருக்கு லைசென்ஸ்?"

"உன் பேர்ல."

"அப்ப போட்டுடு."

போட்டார், அவள் கண்ணெதிரே. ஒரே ஒரு விதையை மட்டும் சவர டப்பாவில் வைத்துக்கொண்டார்.

"எல்லாம் போட்டாச்சா?"

"எல்லாம் போட்டாச்சு."

சத்தியத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

ஓடைக்கு அந்தப் பக்கம், ஓக் மரத்துக்குக் கிழக்கே, கருப்பு பெர்ரிப் புதர். முள்ளுக்குப் பயந்து முயல் கூட எட்டிப் பார்க்காது. அதன் நடுவில் நட்டார். வேலியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தினமும் சாயங்காலம் கிளம்புவார். அந்த வேலி அளவுக்குப் பார்க்கப்பட்ட வேலி அந்த மாவட்டத்திலேயே கிடையாது.

ஜூன் மாதம் செடி முழங்கால் உயரம் வந்தபோது, மேக்ஸின் பலகையில் செய்த ஒரு குருவிக்கூட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதை ஓடைக்கு அந்தப் பக்கம் ஓக் மரத்துல மாட்டணும்."

"அங்க எதுக்கு? வாசல்லயே மாட்டலாமே."

"குருவிக்குத் தண்ணி பக்கத்துல இருக்கணுமாம். சரி, நீ வேலியைப் பாரு, நானே போய் மாட்டறேன்."

"ஐயோ, நீ எதுக்கு! முட்டி வலியோட. குடு, நான் மாட்டறேன்."

"வாசல் கிழக்கே பாத்து இருக்கணும், வென்டல்."

"கூரையில கறுப்பா என்ன இது, பலகை மாதிரி?"

"வெயில் தாங்கறதுக்கு."

ஏணி போட்டு ஏறி, ரசமட்டம் வைத்து, நாலு ஆணி அடித்து மாட்டினார். இறங்கி வந்து, ஆபத்தைத் தடுத்துவிட்ட பெருமையில் செடியைப் பார்த்துக் கண்ணடிக்கவும் செய்தார்.

அந்தச் செடியோடு பேசுவது நாளடைவில் பழக்கமாகிவிட்டது. தோட்டத்தில் இருந்த இருநூற்று நாற்பதும் நம்பர்கள். இது ஒன்றுதான் அவருக்கு ஆள்.

"இன்னிக்கும் அவ சுட்ட இறைச்சி ரொட்டிதான். பூட்ஸை வேக வெச்ச மாதிரி இருந்துது. நல்லாருக்குன்னு சொல்லி ரெண்டாவது துண்டும் வாங்கிக்கிட்டேன். அவ தங்கச்சி போன்ல வந்தா ஒரு மணி நேரம். மூச்சு எப்ப விடறான்னே தெரியலை. அப்புறம் அந்தக் கூடு, ஒரு குருவி கூட வரலை. இவ வாங்கற சாமானே இப்படித்தான்."

ஜூலை ஒன்பதாம் தேதி மட்டும் பேச்சு வேறு மாதிரி இருந்தது.

"இன்னிக்கு அவ சிநேகிதிங்க மூணு பேர் டீ குடிக்க வந்தாங்க. லெமன் கேக் செஞ்சா. கல்யாணத்துக்கு வந்த கப்பெல்லாம் எடுத்து வெச்சா. முப்பத்தெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் அது பெட்டியை விட்டு வெளிய வந்துது. எப்படி வரும்? படுக்கையறை முழுக்க நான் செடியைக் காயப்போட்டிருந்தேன். யாரை உள்ள கூப்பிடுவா? நாத்தம் என்னன்னு கேட்டவங்ககிட்ட, வீட்டுக்கு அடியில ஸ்கங்க் குடியிருக்கு, அந்த நாத்தப் பிராணிதான்னு சொன்னா. ஊரே அவளை ஸ்கங்க்காரின்னு கூப்பிட்டுது. சிரிச்சுக்கிட்டே திரும்பிப் பாப்பா. சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்குப் போகலை, அறுப்பு நேரம்னு நான் சொன்னேன். ஒரு வார்த்தை கேக்கலை. நானும் இன்னிவரைக்கும் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. தப்புப் பண்ணிட்டேன். இப்பவும் பாரு, உன்னை ஒளிச்சு வெச்சிருக்கேன். நீ மாட்டினா அவ பேர்லதான் விடியும். எனக்குப் புத்தி வரவே வராது போல."

புத்தி வந்திருந்தால் அன்றைக்கே செடியைப் பிடுங்கியிருப்பார். கை வைத்தார், மனசு வரவில்லை. தண்ணீர் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்.

செப்டம்பரில், சொல்லாமல் கொள்ளாமல், மாநில அலுவலகத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வந்துவிட்டாள். குவின்டானா என்று பெயர். வயது முப்பது இருக்கும். சேறு படிந்த ஷூ, கையில் டேப்லெட், முகத்தில் சிரிப்பு என்ற பேச்சே இல்லை. வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டே போனாள். பின்னால் மேக்ஸின், அவளுக்குப் பின்னால் வென்டல், கடைசியில் ஷெரிப்.

"இருநூத்து நாப்பது. ரெக்கார்டுல ஒண்ணு அதிகமா இருக்கே, மிஸஸ் ஹாஸ்கெல்?"

"இருக்கு மேடம். ஓடைக்கு அந்தப் பக்கம்."

மேக்ஸினுக்கு எப்படித் தெரியும், என்ன தெரியும் என்று யோசிக்கக்கூட வென்டலுக்கு மூளை ஓடவில்லை.

"அங்க போகாதீங்க மேடம்!" என்று குறுக்கே பாய்ந்தார். "விஷக்கொடி இருக்கு. பட்டா உடம்பெல்லாம் தடிச்சுடும்."

"நேத்து போயிட்டு வந்தியே, தடிச்சுதா?" என்றாள் மேக்ஸின்.

"பாம்பு வேற இருக்கு!"

"முந்தாநாளும் போனியே."

இன்ஸ்பெக்டர் ஓடையைத் தாண்டிவிட்டாள். புதரை விலக்கினாள். செடி ஆள் உயரத்துக்கு ஜம்மென்று நின்றது, டீசல் வாடை கமகமக்க. இனி மறைக்க ஒன்றுமில்லை. மறுபடி எல்லாம் போகப்போகிறது. லைசென்ஸ், டீ கப், சிநேகிதிகள், எல்லாம். வென்டல் கழுத்து அட்டையைக் கழற்றி இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"மேடம், இது நான் வெச்சது. திருட்டுத்தனமா வெச்சது. டேக் கிடையாது, ஒண்ணும் கிடையாது. என் பொண்டாட்டிக்கு எதுவும் தெரியாது. என்ன தண்டனையோ எனக்குக் குடுங்க. அவளை விட்டுடுங்க."

இன்ஸ்பெக்டர் அவரை விசித்திரமாகப் பார்த்தாள். குனிந்து, அடித்தண்டை மூடியிருந்த இலைகளை ஒதுக்கினாள். நீல டேக்.

"டேக் இருக்கே சார். ஜூன் மாசமே பதிஞ்சிருக்காங்க. இந்தப் புதரை லைசென்ஸ் வரைபடத்துல சேர்க்கச் சொல்லி மனு கொடுத்து, அனுமதியும் வாங்கியாச்சு. ரகத்தோட பேர்..." டேப்லெட்டை உற்றுப் பார்த்தாள். "'வென்டலின் சின்ன வீடு'. சரியா மேடம்?"

"சரிதான்" என்றாள் மேக்ஸின்.

"டேக் எப்ப கட்டினே?" வென்டல் மேக்ஸின் பக்கம் திரும்பினார்.

"நீ முகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தே. காலை எங்க பாத்தே?"

"கேமராவும் இருக்கு" என்று இன்ஸ்பெக்டர் ஓக் மரத்தைக் காட்டினாள். "நல்லா நேரா மாட்டியிருக்கீங்க. ஆள் வெச்சா மாட்டினீங்க?"

"வீட்டு ஆள்தான்."

குருவிக்கூட்டின் வட்ட வாசலுக்குள் ஏதோ பளபளத்தது. வென்டல் வாய் பிளந்து பார்த்தார். அந்தக் கூட்டுக்கு ஏன் குருவி வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"சத்தமும் பதிவாகற கேமரா" என்றாள் இன்ஸ்பெக்டர், முதல் தடவையாகப் புருவத்தை உயர்த்தி. "சட்டம் சத்தம் கேக்கலையே மேடம்?"

"சட்டத்துக்கு இல்லை. எனக்கு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அது ஒரு நாள் கத்திக் கெட்டது. வென்டல் மூன்று மாதம் கத்தியிருக்கிறார்.

அன்று மேசையில் இறைச்சி ரொட்டி வந்தது. அவர் தட்டில் மூன்று துண்டு இருந்தது.

"பூட்ஸ் ஆறிடப் போகுது, சாப்பிடு" என்றாள் மேக்ஸின்.

"எல்லாத்தையுமா கேட்டே?"

"எல்லாத்தையும்."

"உன் தங்கச்சியைப் பத்தி..."

"அவளும் கேட்டா."

வென்டல் மென்றார். விழுங்கினார். அவள் சொன்னாள்: "ஜூலை ஒன்பதாம் தேதியை மட்டும் பதினேழு தடவை கேட்டேன்."

அவர் துண்டை இன்னும் சின்னதாக வெட்ட ஆரம்பித்தார்.

"செடிகிட்ட சொல்லத் தெரிஞ்சுது. நான் அறுபது அடி தள்ளித்தானே இருந்தேன், வென்டல்? முப்பத்தெட்டு வருஷமா."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். தொண்டை வரை வந்தது. வெளியே வந்தது மட்டும் வேறு.

"காபி இருக்கா?"

மேக்ஸின் பெருமூச்சு விட்டாள். காபியை ஊற்றினாள். "தொண்ணூறு நாளுக்கு அப்புறம் பதிவு தானா அழிஞ்சிடும். அக்டோபர் ஏழாம் தேதி அது போயிடும். அதுக்குள்ள நேர்ல சொல்லிடு."

நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று அவர் கேட்கவில்லை. நகல் வேண்டியிருந்தால் அவள் எடுத்திருப்பாள்.

அந்த மாதம் முழுக்க வென்டல் முயன்றார். பாத்திரம் கழுவும்போது முயன்றார். பிக்கப் வண்டியில் போகும்போது முயன்றார். "மேக்ஸின்" என்று ஆரம்பிப்பார். அவள் திரும்புவாள். "டயர்ல காத்து கம்மியா இருக்கு போல" என்று முடியும். ஹெலிகாப்டருக்குக் கூட இவ்வளவு பயந்ததில்லை. இத்தனை வருஷமும் ஒளித்தது செடியைத்தான் என்று நினைத்திருந்தார். இதையும் சேர்த்துத்தான் ஒளித்திருக்கிறார்.

அக்டோபர் ஆறு. மழைக்கு முன் தோட்டத்து அறுப்பு முடிந்திருந்தது, புதர்ச் செடி ஒன்றுதான் பாக்கி. சாயங்காலம், ஒரு தடவை செடியிடம் ஒத்திகை பார்த்துவிட்டு நேரே சமையலறைக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்பினார். ஓடையைத் தாண்டினார். புதரை விலக்கினார்.

செடி இல்லை. அடித்தண்டு மட்டும் இருந்தது. பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு மேக்ஸின் உட்கார்ந்திருந்தாள், மடியில் நீல டேக்கோடு.

"சொல்லு" என்றாள்.

திரும்பி ஓட வழியில்லை, பின்னால் முள். வென்டல் தொப்பியைக் கழற்றினார். சொன்னார். கப்பில் ஆரம்பித்துத் தங்கச்சி கல்யாணத்துக்குப் போய், ஸ்கங்க்கில் குழறி, சவர டப்பாவையும் ஒப்புக்கொண்டு, கடைசியில் "மன்னிச்சுடு மேக்ஸின்" என்ற இடத்துக்கு எப்படியோ வந்து சேர்ந்தார். அதற்குள் இரண்டு பேர் கண்ணும் கலங்கிவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் முன்னாலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு சின்ன வாக்கியமாக இருந்திருக்கும் என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது.

மேக்ஸின் பழைய கோபமெல்லாம் போன முகத்தோடு எழுந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓக் மரத்துக் குருவிக்கூட்டை ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்லா சொன்னே. ஆனா இதுவும் தொண்ணூறு நாள்தான் இருக்கும், வென்டல். ஜனவரி நாலாம் தேதி வந்து புதுப்பிச்சுடு."