சாப்பாட்டு மேசை ஜங்ஷன்

புதுச்சேரிக்கு ரயிலே இல்லாத காலத்தில், ஊரில் நேரம் தவறாமல் ரயில் விட்ட ஒரே மனிதர் எங்கள் ரயில் முசியே. மீட்டர் கேஜ் பாதையைப் பெயர்த்துவிட்டு அகலப்பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். விழுப்புரம் போக நாங்களெல்லாம் பஸ்ஸில் தொங்கினோம். நெல்லித்தோப்பில் முசியே வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து மட்டும் காலைக் காப்பிக்கு முன்பே முதல் வண்டி கிளம்பிவிடும்.

அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வண்டி பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர்; அதனால் ஊருக்கே முசியே, அதாவது பிரெஞ்சில் 'ஐயா'. நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கையில் அடங்கும் எஞ்சின்தான். ஆனால் அதைப் பொம்மை என்று சொன்னவரோடு அன்று முழுக்கப் பேசமாட்டார். மேசைமேல் ஒரு வளையம். அங்கிருந்து ஜன்னல் வரை பலகைமேல் ஒரு கிளைப்பாதை. அந்தப் பலகை சமையலறை வாசலுக்குக் குறுக்கே, இடுப்பு உயரத்தில் போனது. அதைத் தூக்கினால்தான் உள்ளே போகலாம். வண்டி வரும்போது தூக்கக்கூடாது. அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதாம், மீன்குழம்புச் சட்டியும் கையுமாக ரயிலுக்குக் காத்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவுக்கும் அதே சட்டம்தான்.

"அத்தாந்தே! கொஞ்சம் நில்லு! வண்டி வருது!" என்று சிவப்புக் கைக்குட்டையை உயர்த்துவார் முசியே.

"ஒன் ரயிலு போறதுக்குள்ள என் மீனு நாறிப்பூடும் முசியே!"

"கேட்டு மூடிட்டா கவர்னரே வந்தாலும் நிக்கணும்."

"கவர்னரு தலையில இன்னா கூடையா இருக்குது?"

பாரிஸிலிருந்து மருமகன் புதுத் தண்டவாளம் அனுப்பியதில்தான் வினை வந்தது. நிஜத் தண்டவாளத்தைச் சுருக்கி வைத்ததுபோல் அவ்வளவு மெல்லிசு, அவ்வளவு தாழ்வு. முசியே ஆசை ஆசையாகப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் பதித்தார். ஆனால் அவருடைய எஞ்சின் வாலிபத்தில் வாங்கியது. அதன் சக்கர விளிம்புகள் அந்தக் காலத்து ஆழம். புதுப்பாதையில் அவை கட்டைகளை இடித்துக்கொண்டு 'டக் டக்' என்று நொண்டின. பாதை பிரியும் இடத்துக்கு வந்ததும் எஞ்சின் குப்புற விழுந்தது. ஒருமுறை நேராக வறுத்த வஞ்சிரத்தின் மேலேயே விழுந்தது.

பழைய எஞ்சினைத் தூக்கிப்போடுங்கள், புதிது வாங்கி வருகிறேன் என்று மருமகன் போனில் சொன்னார். முசியே போனை வைத்துவிட்டு மாடியேறி வந்தார்.

"பாத புச்சாயிட்டா எஞ்சின தூக்கிப் போட்ருவியா தம்பி? ஊரு ரயிலுக்குத்தான் அப்படி பண்ணிட்டாங்க. என் வூட்லயுமா?"

கிறிஸ்துமஸுக்குள் என்று மதாமின் கெடு வேறு. "நொவேலுக்கு பொண்ணும் மருமவனும் வராங்க. அதுக்குள்ள இது உழாம ஒரு சுத்து சுத்தணும். இல்லன்னா மொத்தமும் பரணுக்குப் போவும். எனக்கு என் மேச வோணும்."

சக்கர விளிம்பைக் கடைந்து குறைக்க, எஞ்சினை டிபன் கேரியரில் வைத்துத் தட்டாஞ்சாவடிக்குக் கொண்டுபோனோம். லேத் பட்டறைக்காரர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இன்னாங்க இது? சக்கரமா, மூக்குத்தித் திருகா? கீழ உழுந்தா எறும்பு தூக்கினு போயிடும்."

முசியே மூடியைப் போட்டு மூடிக்கொண்டு வந்துவிட்டார். வீடு சேர்ந்ததும், "வெளியாளு எதுக்கு? அதுக்கே மோட்டாரு இருக்குதுல்ல!" என்றார்.

எஞ்சினைத் துண்டின்மேல் மல்லாக்கக் கிடத்தினார். இரண்டு கம்பிகளில் மின்சாரம் கொடுத்தார். சக்கரங்கள் வானத்தைப் பார்த்துச் சுழன்றன. சுழலும் விளிம்பில் மெல்லிய அரத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார். பழைய ஸ்பீக்கரின் காந்தம் பக்கத்திலிருந்து உதிர்ந்த இரும்புப் பொடியை வாங்கிக்கொண்டது. தன் நகத்தைத் தானே வெட்டிக்கொண்ட எஞ்சினை உலகத்திலேயே நான் மட்டும்தான் பார்த்திருப்பேன்.

நொண்டல் நின்றது, விழுவது நிற்கவில்லை. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இடைவெளி புதுப்பாதைக்குப் போதவில்லை. மயிரிழை வித்தியாசம்தான். ஆனால் எல்லா அச்சிலும் அதே இடைவெளி வேண்டுமே! யூரோ வந்தபின் மேசை இழுப்பறையில் சும்மா கிடந்த பிரெஞ்சு ஒரு சந்தீம் காசை எடுத்தார். அளவுக்கு வரும்வரை அதன் விளிம்பைத் தேய்த்தார். ஒவ்வொரு ஜோடிச் சக்கரத்தையும் விலக்கி, நடுவில் காசு பிடிப்பாக நிற்கிறதா என்று பார்த்தார். "செல்லாத காசுன்னாங்களே தம்பி! வுவாலா, பாத்தியா!"

நொவேல் அன்று மருமகன் புது எஞ்சின் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். முசியே விசையைத் திருகினார். வண்டி கிளம்பி, வளைவில் திரும்பி, பாதை பிரியும் இடத்தை நெருங்கியது. முசியே கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். சத்தமே இல்லை.

"நின்னுடுச்சா?" என்றார்.

"போவுது. கண்ணத் தொறந்து பாரு," என்றார் மதாம்.

ஒரு சுற்று முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. முசியே சாப்பாட்டுக்காக மேசையைக் காலி செய்ய விசையில் கை வைத்தார். மதாம் அந்தக் கையைத் தட்டிவிட்டார். உள்ளே போய் வாழையிலைக் கட்டோடு வந்தார்.

"வண்டி ஓடுதுல்ல? எல்லாரும் கீழ உக்காருங்க."

இறுக்கமான கால்சட்டையோடு மருமகன் சம்மணம் போடப் பட்ட பாட்டை இங்கே எழுதப்போவதில்லை. புதுப் பெட்டி பிரிக்கப்படவே இல்லை. நாங்கள் சாப்பிட்டு எழும்வரை தலைக்குமேல் ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அகலப்பாதையில் ரயில் வந்தது. நான் மாற்றலாகிப் போனேன். இன்றும் எங்காவது ரயில்வே கேட் மூடியிருந்தால் மற்றவர்கள் ஹாரன் அடிப்பார்கள். நான் ஸ்கூட்டரை அணைத்துவிட்டு நிற்பேன், முசியேவின் வண்டி போகட்டும் என்று.