நான் இருதய நிபுணராக இருந்த ஒன்பது நாட்கள்

பல் துலக்குவதற்கு முன் செல்போனில் என் மேற்கோள் கணக்கைப் பார்க்கும் ஆள் நான். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதிய ஆய்வுக் கட்டுரையை வேறு ஆய்வாளர் யாராவது தன் கட்டுரையில் எடுத்துக்காட்டியிருக்கிறாரா என்று சொல்லும் இணையப் பக்கம் அது. ஆறு வருஷமாகப் பூஜ்யம்தான் காட்டியது. (பூஜ்யத்தை எதற்குத் தினமும் பார்க்க வேண்டும் என்கிறீர்களா? தனியாக இருக்கிறவனுக்குக் காலையில் எதுவாவது பதில் சொல்ல வேண்டாமா?)

அருப்புக்கோட்டையில் ஒரு மாடி அறை, ஒரு கல்லூரி வேலை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் குதிரைவாலி பற்றி ஒரே ஒரு கட்டுரை. என் மொத்த ஆஸ்தி இவ்வளவுதான். அதற்காக மூன்று வருஷம் வெயிலில் காய்ந்தேன். உடன் வேலை பார்ப்பவர்கள், "அனுப்பி வைங்க சார், பாக்குறேன்" என்பார்கள். அனுப்புவேன். அதோடு சரி.

ஒரு நாள் காலையில் பூஜ்யம் இருந்த இடத்தில் நான்கு இலக்க எண். கீழே இருதய அடைப்பு, ராக்கெட் எரிபொருள், இறால் நோய் என்று கட்டுரைகள். எழுதியவர் பெயர் எல்லாவற்றிலும் கே. முருகேசன். அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்வது நம் வழக்கம். அது கந்தசாமியா கருப்பையாவா என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? நாட்டிலுள்ள கே. முருகேசன்கள் அத்தனை பேரையும் ஒரே மூட்டையாகக் கட்டி என் தலையில் ஏற்றிவிட்டது.

'என்னுடையது அல்ல' என்று சொல்ல ஒரு பொத்தான் இருந்தது. நான் அமுக்கவில்லை. ஆள் வராத வீட்டில் திடீரென்று இத்தனை விருந்தாளிகள். யாரைப் போகச் சொல்வது?

எட்டாம் நாள், தன் மூன்று வயது மகள் யாழினியின் காதுகுத்துக்கு அழைக்க அக்கா வீட்டுக்காரர் வந்தார். பக்கத்தைக் காட்டினேன். (காட்டாமல் இருந்திருக்கலாம்.) மச்சான் காரியாபட்டியில் ஃபிளெக்ஸ் அடிப்பவர். மறுநாள் விசேஷத்துக்காக அக்கா ஊரான எம்.ரெட்டியபட்டி பஸ் ஸ்டாப்பில் இறங்கினால், எட்டடி உயரத்தில் நான்: 'இருதயம், ராக்கெட், இறால் என முத்துறையும் வென்ற தாய்மாமனே வருக!'

மடியில் யாழினி. ஆசாரி ஊசியோடு குனிகிறார். வீடியோக்காரர் பந்தல் மைக்கை நீட்டியிருக்கிறார். அப்போது நரிக்குடிப் பெரியப்பா ஈ.சி.ஜி. தாளோடு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, மதுரைல ஆப்பரேசன் செய்யணும்ங்கிறாக. நீ நம்ம புள்ள. நீ வேணாம்னு சொன்னா நான் போகல."

தாளைப் பார்த்தேன். கண்மாய்க்கரை மேடுபள்ளம் மாதிரி இருந்தது. "உப்பைக் குறைங்க" என்று ஆரம்பித்தேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்ப போக வேணாங்கிறே?" என்று தாளை மடிக்கத் தொடங்கினார். அந்த மலர்ச்சியைப் பார்த்துத்தான் என் நெஞ்சு பதறியது.

"போங்க பெரியப்பா! கட்டாயம் போங்க! அது நான் இல்ல, வேற முருகேசன். எனக்குக் குதிரைவாலி மட்டுந்தான் தெரியும்!"

மைக் அதை ஊருக்கே ஒலிபரப்பியது.

"அப்ப ராக்கெட்டு?" என்றார் மச்சான்.

"அதும் இல்ல மச்சான்."

"எறாலு?"

"இல்ல."

"எறாலையாவது வச்சுக்கக்கூடாதா மாப்ள? எட்டடி ஃபிளெக்ஸுல்ல!"

ஆசாரி அந்த நேரம் பார்த்து ஊசியை ஏற்ற, யாழினி அழுதாள். எனக்காகவும் சேர்த்து அழுத மாதிரி இருந்தது.

பெரியப்பா ஆபரேஷன் செய்துகொண்டு நன்றாக இருக்கிறார். "இவன் அந்தப் படிப்புப் படிக்கல, நான் பொழச்சேன்" என்று எல்லோரிடமும் சொல்கிறார்.

அன்று சாயங்காலமே எல்லா முருகேசன்களையும் ஒவ்வொருவராக வழியனுப்பினேன். மறுபடி பூஜ்யம். அடுத்த வாரம் ஒரு மின்னஞ்சல். நிஜமான இருதய முருகேசன்! 'உங்கள் குதிரைவாலி என் பக்கத்தில் வந்து கிடந்தது. நீக்கிவிட்டேன். நீக்குமுன் வாசித்தேன். மழையே இல்லாத மூன்றாம் வருஷம் பயிர் எப்படி நின்றது?'

ஆறு வருஷத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. எட்டுப் பக்கம் பதில் எழுதினேன். அவருக்கு வேலை அதிகம் போலிருக்கிறது.

அந்த ஃபிளெக்ஸ் இப்போது அக்கா வீட்டு வைக்கோல் படப்பை மூடிக்கிடக்கிறது. காதுகுத்து வீடியோவைப் போடாமல் அங்கே எந்தத் தீபாவளியும் முடிவதில்லை. முடிந்ததும், இப்போது ஐந்தாவது படிக்கும் யாழினி, வீடே சிரிக்கக் கேட்பாள்: "மாமா, இருதயக்காரவுக பதில் போட்டாகளா?"

"இன்னைக்கு லீவுல்ல தாயி, நாளைக்குப் போடுவாக" என்பேன். நானும் சிரிப்பேன்.

காலையில் பல் துலக்குவதற்கு முன்னாலேயே மின்னஞ்சலைப் பார்த்துவிட்டேன் என்று மட்டும் சொல்வதில்லை.