நான் கொன்ற சேலத்து மாமா

நான் ஒரு மனிதரைக் கொன்றிருக்கிறேன், ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லால். அதற்குப் பிறகும் அவர் பதினான்கு வருடம் சௌக்கியமாக இருந்தார் என்பது வேறு விஷயம்.

எண்பதுகளின் நடுவில் தர்மபுரி மாவட்டத்து இண்டூர் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு மருமகளாகப் போனேன். பி.ஏ. ஆங்கில இலக்கியம். (நோட்ஸை மனப்பாடம் பண்ணித் தேறியது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) உர மூட்டையில் இருக்கிற எழுத்திலிருந்து டாக்டர் சீட்டு வரைக்கும் படிக்கச் சொல்லி என்னிடம்தான் வரும். டாக்டர் சீட்டையே படித்துச் சொன்னேன் என்றால் என் துணிச்சலைப் புரிந்துகொள்ளுங்கள்.

மாமியாரின் தம்பி சேலத்தில் இருந்தார். நாத்தனார் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் கடைசி வரியில் அச்சானதால் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவரை நெஞ்சுவலியென்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தபோதுகூட மாமியார், "அவனே ஒரு வார்த்தை சொல்லியுடட்டும்" என்று வீம்பாக இருந்துவிட்டார்.

நான்காம் நாள் மாமாவின் மகனிடமிருந்து தந்தி. 'ஃபாதர் ரெக்கூப்பரேட்டிங். நோ நீட் டு கம்.'

"என்னன்னு போட்ருக்குது கண்ணு?" மாமியார் தந்தியை என்னிடம் நீட்டினார். களையெடுத்தவர்கள்கூடக் கூடிவிட்டார்கள்.

அந்த முதல் வினைச்சொல்லை நான் அதுவரை பார்த்ததே இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். டிக்‌ஷனரி அம்மா வீட்டில் இருந்தது, என் மானம் இங்கே இருந்தது. யோசித்தேன். தந்தி என்றாலே சாவு. வரத் தேவையில்லை என்று வேறு இருக்கிறது. சாவுக்குக்கூட வராதே என்கிற கோபம்! அப்படியானால் இது, படித்தவர்கள் நாசூக்காகச் சொல்லும் 'காலமானார்'.

"மாமா தவறிட்டாருங்க அத்தை. நாம வர வேணாம்னும் இருக்குது" என்றேன். மூலத்தையும் ஒருமுறை நல்ல உச்சரிப்போடு வாசித்துக் காட்டினேன்.

"வர வேணாம்னா போட்ருக்குது?"

"ஆமாங்க."

"செத்தும் ரோசம் போவுலியா என் தம்பிக்கு!" என்று மாரில் அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பதினோரு பேர் போனோம். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ரோஜா மாலையும் கோடித் துணியும் வாங்கினோம். தொப்பூர் கணவாய் முழுக்க மாமியார் அழுதார். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள், செத்தது யாரென்றே தெரியாமல் கூடவே அழுதார்.

சேலத்தில் அந்தத் தெருவில் பந்தல் இல்லை, மேளம் இல்லை. எனக்கு லேசாக உதைத்தது. (டவுனில் இப்படித்தான் போல என்று சமாதானம் செய்துகொண்டேன்.) மாமியார் தெருமுனையிலேயே தலையை அவிழ்த்துப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்.

"என் தங்கமே! பத்திரிகையில உன் பேரை வேணும்னே கீழ போடச் சொன்ன பாவி நான்தானே!"

ஆறு வருடம் வீட்டில் ஒப்புக்கொள்ளாததைத் தெருவுக்கே ஒப்புக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி, வாசலில் நாற்காலி போட்டு ஆரஞ்சுச் சுளை தின்றுகொண்டிருந்த மாமா எழுந்தார்.

"ஏங்க்கா, இதை முன்னமே வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

மாமியார் கண்ணைத் திறந்தார். ஓடிப்போய் அவர் தோளில் நாலு அடி வைத்தார் (நெஞ்சுவலிக்காரர்!), பிறகு கட்டிக்கொண்டு அழுதார்.

மகன் மாலையைப் பார்த்து வெலவெலத்துப் போனார். "அப்பாவுக்கு உடம்பு தேறிட்டு வருது, பதறி ஓடியாற வேணாம்னுதானே தந்தி குடுத்தேன்? யார் படிச்சது?"

பத்துத் தலைகள் என் பக்கம் திரும்பின. மாலை என் கையில்தான் இருந்தது.

"மருமவளைத் திட்டாதீங்க" என்றார் மாமா. "சரியாப் படிச்சிருந்தா எங்கக்கா வந்திருக்குமா?"

மாமியார் திட்டவில்லை. அதைவிட மோசமாக, அந்தச் சொல்லை என் அர்த்தத்திலேயே ஊரெல்லாம் பரப்பினார். கிணற்று மோட்டார் ரெக்கூப்பரேட் ஆனது. கோழிகள் ரெக்கூப்பரேட் ஆயின. மாமா ஒவ்வொரு பொங்கலுக்கும், 'நான் இன்னும் ரெக்கூப்பரேட் ஆகவில்லை' என்று எனக்கென்று தனியாகக் கார்டு போட்டார்.

இதெல்லாம் போகட்டும். பிற்பாடு நான் ஆங்கில ஆசிரியையே ஆகிவிட்டேன். (சிரிக்காதீர்கள், பரீட்சை எழுதித்தான்.) அப்போது வேறு பள்ளியில் ஆறாவது படித்த என் மகளை அந்தச் சொல்லை வைத்து வாக்கியம் அமைக்கச் சொன்னார்கள். 'எங்கள் பசு ரெக்கூப்பரேட் ஆனது, ஆகவே அதைப் புதைத்தோம்' என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதி வைத்தாள். டீச்சர் சிவப்பு மையில் சைபர் போட்டு, கீழே குறிப்பும் எழுதியிருந்தார்: 'வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லித் தரவும்.'

என் கணவர் நிதானமாகப் படித்தார். பேனாவை எடுத்து, 'அப்படி யாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.